நெடுவிழியும் அதன் அழுத்தமும்: ஓர் எண்ணின் வரலாறு

தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக வளாகத்தில் 1967 மார்ச் 10 அன்று ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் குடியரசுத் தலைவரின் பெயரைத் தாங்கிய அந்த மையத்தைக் கட்டி எழுப்பியவர் மருத்துவர் லலித் பிரகாஷ் அகர்வால். தலைநகரில் இன்று ‘ஆர்.பி. சென்டர்’ என்ற இரு எழுத்துகளால் அறியப்படும் அந்த நிறுவனம் பிறந்த காலத்தில், இந்தியாவில் கண்புரை அறுவை என்றால் புரை படிந்த லென்ஸை அதன் உறையோடு முழுதாக வெளியே எடுத்துவிடுவதே வழக்கம். எடுத்த இடத்தில் எதையும் வைப்பதில்லை. நோயாளிக்குப் பிளஸ் 10 டயாப்டர் அளவிலான தடித்த கண்ணாடி தரப்படும். ‘சோடாபுட்டிக் கண்ணாடி’ என்று தமிழகத்துத் தெருக்கள் கேலி செய்த அந்தக் கண்ணாடிதான் ஒரு தலைமுறைக்கு அறுவையின் அடையாளமாக இருந்தது.

இந்த விதிக்கு நேர் மாறான ஒரு சிறு கூட்டம் இருந்தது. கடுமையான கிட்டப்பார்வையோடு பிறந்து வளர்ந்து, சிறுவயது முதலே தடித்த மைனஸ் கண்ணாடி அணிந்தவர்கள் அவர்கள். பிறர் அறுவைக்குப் பின் சோடாபுட்டியை அணியத் தொடங்கியபோது, இவர்களில் சிலர் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடியே இல்லாமல் தெருவைப் பார்த்தார்கள். மருத்துவ வரலாற்றில் இதைப் போல எளிதில் நம்பத் தூண்டிய வெற்றி அரிது. அந்த வெற்றிக்குப் பின்னால் ஓர் எண் கவனிக்கப்படாமல் கிடந்தது. அதுவே கண்ணின் உள் அழுத்தம். நெடுங்கிட்டப்பார்வை உள்ள கண்ணில் புரை எடுத்த பிறகு அந்த அழுத்தத்திற்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி, கருவிகளும் மருந்துகளும் மாற மாறத் தன் முகத்தையும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

முதலில் அந்தக் கண்ணின் அமைப்பைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. வளர்ந்தவர் கண்ணின் முன்பின் நீளம் பொதுவாக 23 முதல் 24 மில்லிமீட்டர். அது 26 மில்லிமீட்டரைத் தாண்டும்போதோ, கண்ணாடியின் அளவு மைனஸ் 6 டயாப்டரைக் கடக்கும்போதோ அதைக் கடுங்கிட்டப்பார்வை என மருத்துவ இலக்கியம் பெரும்பாலும் வகைப்படுத்துகிறது. கண் நீளும்போது அதன் வெண்சுவர் மெலிகிறது. விழித்திரை இழுபடுகிறது. உள்ளிருக்கும் கூழ்மம் முன்னதாகவே நீர்த்துப்போகிறது. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வட்டு சாய்கிறது. புரையும் இத்தகைய கண்களில் சற்று இளவயதிலேயே, குறிப்பாக லென்ஸின் மையக் கருவில், படியத் தொடங்குகிறது. ஆகவே இவர்கள் அறுவை மேசைக்கு ஒத்த வயதினருக்கு முன்பாகவே வந்துவிடுகிறார்கள். அறுவைக்குப் பின் அவர்கள் வாழ வேண்டிய ஆண்டுகளும் அதனால் கூடுகின்றன.

லென்ஸை நீக்கினால் கிட்டப்பார்வை நீங்கும் என்ற ஒளியியல் உண்மையை ஒரு சிகிச்சையாகவே பரப்பியவர் ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த வின்சென்ஸ் ஃபுகாலா. 1890-ஆம் ஆண்டையொட்டி அவர் புரையே இல்லாத தெளிந்த லென்ஸைக் கடுங்கிட்டப்பார்வையருக்கு நீக்கினார். மைனஸ் 18 முதல் 22 வரை இருந்த கண் லென்ஸை இழந்ததும் ஏறக்குறைய சுழியை எட்டியது. ஐரோப்பா சில ஆண்டுகள் இதை வரவேற்றது. பிறகு விழித்திரை பிரிந்து பார்வை போனவர்களின் எண்ணிக்கை கூடியது. அந்த அறுவை கைவிடப்பட்டது. இந்த அனுபவம் கண் மருத்துவத்தின் நினைவில் ஒரு பாடமாகத் தங்கியது: நெடிய கண்ணில் கத்தி வைத்தால் விழித்திரைக்கு அஞ்ச வேண்டும். அச்சம் சரியானதே. எனினும் ஓர் ஆபத்தின் மேல் விழுந்த வெளிச்சம் மற்றொன்றை நிழலில் தள்ளியது. விழித்திரை பிரிந்தால் திரை விழுந்தது போல ஒரே நாளில் தெரிந்துவிடும். அழுத்தம் ஆண்டுக் கணக்கில், வலியில்லாமல், பார்வையின் ஓரத்திலிருந்து உள்நோக்கி வேலை செய்யும்.

அழுத்தம் புரை அறுவையின் பகை என்பது இந்தியாவுக்குப் புதிதன்று. சென்னை அரசு கண் மருத்துவமனையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறுப்பு வகித்த ராபர்ட் ஹென்றி எலியட், ஊர் ஊராகச் சென்று ஊசியால் லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிட்ட மரபு வைத்தியர்களின் நோயாளிகளை நூற்றுக்கணக்கில் பரிசோதித்தவர். 1918-இல் அவர் வெளியிட்ட நூல் அந்தச் சிகிச்சை முறையைப் பற்றியது. உள்ளே தள்ளப்பட்ட லென்ஸ் மறுநாள் பார்வையைத் தந்தாலும், பின்னர் அழற்சியும் அழுத்தமும் கண்ணைக் கொன்றதை அவர் பதிவு செய்தார். அதே எலியட்தான் 1909-இல் சென்னையில், கண்ணின் வெண்சுவரும் கருவிழியும் சேரும் விளிம்பில் சிறு வட்டத் துளையிட்டு உள்நீரை வடியவிடும் அறுவையைச் செய்தார். குளுக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோய்க்கு உலகெங்கும் அது சில பத்தாண்டுகள் பின்பற்றப்பட்டது. ஆக, முதல் நாள் பார்வை வேறு, கண்ணின் விதி வேறு என்ற அறிவு இந்தியக் கண் மருத்துவத்தில் நூறாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

அறிவு இருந்தும் கணக்கு ஏன் தவறியது? அளவுகோல் அதற்கு ஒரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவர்கள் மூடிய இமையின் மேல் இரு சுட்டுவிரல்களை வைத்து அழுத்தத்தை மதிப்பிட்டனர். 1905-இல் நார்வேயின் யால்மர் ஷியாட்ஸ் உருவாக்கிய கருவி, கருவிழியின் மேல் ஒரு சிறு எடைக்கோலை இறக்கி, அது எவ்வளவு பள்ளம் விழச்செய்கிறது என்பதிலிருந்து அழுத்தத்தைக் கணித்தது. எளிய, மின்சாரம் வேண்டாத, பையில் எடுத்துச் செல்லத்தக்க அந்தக் கருவி இந்தியாவின் மாவட்ட மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் நெடுங்காலம் பயன்பட்டது. அதில் ஒரு மறைவான அனுமானம் இருந்தது. எல்லாக் கண்களின் சுவரும் ஒரே அளவு விறைப்பானவை என்பதே அது. 1937-இல் ஃப்ரீடன்வால்ட் கண்சுவரின் விறைப்பைக் கணக்கில் கொண்டுவந்தபோது இந்த அனுமானத்தின் பிழை வெளிப்பட்டது. நெடிய கண்ணின் மெலிந்த சுவர் எளிதில் விரிந்து கொடுக்கும். எடைக்கோல் கூடுதலாக இறங்கும். உண்மையில் உயர்ந்திருக்கும் அழுத்தமும் இயல்பானது போல ஏட்டில் பதிவாகும். அழுத்தத்தை மிக நுட்பமாகக் கண்காணிக்க வேண்டிய கண்ணிலேயே அளவுகோல் மிகுதியாகப் பொய் சொன்னது.

1950-களில் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் கோல்ட்மன் உருவாக்கிய கருவி வேறு வழியில் சென்றது. கருவிழியில் 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தை மட்டும் தட்டையாக்கத் தேவைப்படும் விசையை அது அளந்தது. இதில் கண்சுவரின் விறைப்பு பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. இன்றளவும் இதுவே தரநிலை. ஆயினும் அரை மில்லிமீட்டரை ஒட்டிய ஒரு குறிப்பிட்ட கருவிழித் தடிமனுக்கே அதன் கணக்கு செம்மையாகப் பொருந்தும். மெல்லிய கருவிழியில் அளவு குறைவாகக் காட்டும். அறுவைக்கு மறுநாள் நீர் கோத்து வீங்கிய கருவிழியிலும் அளவு குறைந்தே தெரியக்கூடும். கண்ணாடியைத் தவிர்ப்பதற்காக 1990-களிலிருந்து லேசர் மூலம் கருவிழியைச் செதுக்கிக்கொண்ட கிட்டப்பார்வையர் இப்போது புரை வயதை எட்டுகின்றனர். அவர்களின் கருவிழி செயற்கையாக மெலிந்தது. ஷியாட்ஸின் பழைய பிழை, வேறு வடிவில், நகரத்து நடுத்தர வர்க்கத்தின் கண்களில் திரும்பி வந்திருக்கிறது.

அளவுகோல் ஒருபுறமிருக்க, அறுவையை எளிதாக்க வந்த ஒவ்வொரு துணைப்பொருளும் தன் பின்னால் ஓர் அழுத்தத்தை விட்டுச் சென்றிருப்பதையும் வரலாறு காட்டுகிறது. 1950-களின் பிற்பகுதியில் ஸ்பெயினின் பராகேர், லென்ஸைத் தாங்கும் நுண்ணிழைகளைக் கரைக்க ஆல்ஃபா கைமோட்ரிப்சின் என்ற நொதியைப் பயன்படுத்தினார். லென்ஸ் எளிதாக வெளிவந்தது. 1964-இல், அந்த நொதிக்குப் பின் கண் அழுத்தம் சில நாட்கள் உயர்வது விவரிக்கப்பட்டது. 1980-ஐ ஒட்டி ஹயலூரோனிக் அமிலக் கூழ் அறுவை அரங்குக்குள் வந்தது. கண்ணின் முன்னறை குலையாமல் தாங்கி, கருவிழியின் உட்புற உயிரணுக்களைக் காத்த அந்தக் கூழும், இந்தியாவில் மலிவு கருதிப் பரவிய மெதில்செல்லுலோஸ் வகைக் கூழும் உள்விழி லென்ஸ் பொருத்துவதைப் பாதுகாப்பாக்கின. அவை முழுதாகக் கழுவி எடுக்கப்படாவிட்டால் வடிகால் வலையை அடைத்துக்கொண்டு முதல் சில மணி நேரங்களில் அழுத்தத்தை ஏற்றின.

மூன்றாவது துணை ஸ்டீராய்டு சொட்டு மருந்து. அறுவைக்குப் பின் அழற்சியை அடக்க அதற்கு இணை இல்லை. ஆனால் 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெக்கரும் ஆர்மலியும் தனித்தனியே ஓர் உண்மையை நிறுவினர். வாரக் கணக்கில் ஸ்டீராய்டு இடப்படும்போது மக்களில் ஒரு பகுதியினருக்குக் கண் அழுத்தம் ஏறுகிறது என்பதே அது. 1966-இல் போடோஸ், பெக்கர், மார்ட்டன் ஆகியோர் இந்த ஏற்றம் கடுங்கிட்டப்பார்வையரிடம் கூடுதலாகக் காணப்படுவதைப் பதிவு செய்தனர். தில்லியில் ஆர்.பி. மையம் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே வெளிவந்த முடிவு அது. 2011-இல் சாங் குழுவினர் புரை அறுவை நோயாளிகளையே ஆராய்ந்து, இளவயதும் கண்ணின் நீளமும் ஸ்டீராய்டு ஏற்றத்தைக் கூட்டும் காரணிகள் எனக் காட்டினர். இரு ஆய்வுகளுக்கும் இடையே நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்த இடைவெளியில் இந்தியாவில் நடந்ததைப் புரிந்துகொள்ள 1976-க்குத் திரும்ப வேண்டும். அகர்வால் முன்னின்று வகுத்த சிந்தனையின் வழியே பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் அந்த ஆண்டு தொடங்கியது. தில்லி மையம் அதன் தலைமை நிறுவனமானது. அதே ஆண்டு மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் தொடங்கப்பட்ட ஆரோலாப், உள்விழி லென்ஸை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. 1994 முதல் 2002 வரை உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் நடந்த திட்டம் ஒரு கோடியைத் தாண்டிய அறுவைகளைச் செய்து முடித்தது. சோடாபுட்டிக் கண்ணாடியின் காலம் முடிவுக்கு வந்தது. பொதுச் சுகாதார வரலாற்றில் இது பெருமைக்குரிய சாதனை என்பதில் ஐயமில்லை.

எனினும் எந்தத் திட்டமும் தான் எண்ணுவதையே வளர்க்கிறது. பத்து இலட்சம் மக்களுக்கு எத்தனை அறுவை, எத்தனை பேருக்கு உள்விழி லென்ஸ், அறுவைக்குப் பின் எழுத்துப் பலகையில் எத்தனை வரி என்பவையே முதன்மை அளவுகோல்களாக இருந்தன. புரையால் பார்வையிழந்த பெருந்திரளுக்கு அவை பொருத்தமான கேள்விகள். நெடிய கண்களைக் கொண்ட சிறுபான்மைக்கு அவை போதாத கேள்விகள். முதல் நாள் பலகையில் கடைசி வரியை வாசித்த கண், திட்டத்தின் ஏட்டில் வெற்றியாக முடிந்தது. அந்தக் கண்ணின் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது.

அந்தக் கணக்கை நான்கு காலங்களாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, அறுவை மேசை. நீர் செலுத்தும்போது நெடிய கண்ணின் முன்னறை திடீரென ஆழமாகி, லென்ஸும் ஐரிஸும் சேர்ந்து பின்னுக்குத் தள்ளப்படுவதுண்டு. ஐரிஸின் விளிம்பு லென்ஸோடு ஒட்டிக்கொண்டு நீரோட்டத்தைத் தடுப்பதே காரணம். ஐரிஸைச் சற்றே தூக்கிவிட்டால் அழுத்தம் இருபுறமும் சமமாகி முன்னறை தன் நிலைக்குத் திரும்பும். இரண்டாவது, முதல் ஒரு நாள். நெடிய கண்ணின் முன்னறை பெரிது. அதை நிரப்பும் கூழும் அதிகம். லென்ஸின் பின்புறம் தங்கிவிடும் எச்சமும் அதிகமாகலாம். அழுத்த ஏற்றம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களுக்குள் தணிந்துவிடும் என்றாலும், ஏற்கெனவே நலிந்த நரம்புக்கு அந்த நாட்களும் நீண்டவை.

மூன்றாவது, இரண்டாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை. ஸ்டீராய்டின் காலம் இது. கண் சிவப்பதில்லை, வலிப்பதில்லை, பார்வை தெளிவாகவே இருக்கிறது. அளந்து பார்த்தால் மட்டுமே தெரியும் ஏற்றம் இது. பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தினால் அழுத்தம் இறங்கிவிடும். நிறுத்தாமல் மாதக் கணக்கில் தொடர்ந்தால் நரம்பு சிதையும். சிலருக்கு நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்காது. நான்காவது, ஆண்டுகள். புரை நீங்கிய கண்ணில் நீண்டகால அழுத்தம் பொதுவாகச் சில மி.மீ. பாதரசம் குறைகிறது என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட முடிவு. தடித்த லென்ஸால் வடிகால் கோணம் குறுகியிருந்த கண்களில் இந்தக் குறைவு அதிகம். நெடிய கண்ணில் கோணம் முன்பே அகன்றது. ஆகவே லென்ஸை நீக்குவதால் கிடைக்கும் ஆதாயமும் அங்கே சிறிது. ‘புரை எடுத்தால் பிரஷர் குறையும்’ என்ற பொதுவிதியை அந்தக் கண்ணுக்கு அப்படியே பொருத்துவது பிழை.

இதனுடன் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஆஸ்திரேலியாவின் புளூ மவுண்டன்ஸ் ஆய்வு 1999-இல் காட்டியபடி, கிட்டப்பார்வையருக்குக் கண்நீர் அழுத்த நோய் ஏற்படும் வாய்ப்பு பிறரைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு. அதே சமயம் அந்த நோயைக் கண்டறிவதும் இவர்களிடமே கடினம். சாய்ந்த நரம்பு வட்டில் குழிவு தெளிவாகத் தெரியாது. பார்வைப் புலச் சோதனையில் தென்படும் குறை நரம்பால் வந்ததா, இழுபட்ட விழித்திரையால் வந்ததா என்று பிரிப்பது எளிதன்று. ஒளிக்கதிரால் நரம்பிழைத் தடிமனை அளக்கும் கருவிகளின் ஒப்பீட்டுத் தரவுகள் பெரும்பாலும் இயல்பான நீளமுள்ள கண்களிலிருந்து பெறப்பட்டவை. ஆகவே ஒற்றை நாளின் எந்த ஓர் அளவும் தீர்ப்பாகாது. இன்றைய எண்ணை நேற்றைய எண்ணோடு வைத்துப் பார்க்கும் தொடர்ச்சியே நோயறிதல். ஆவணமே இங்கு மருத்துவம்.

தில்லியின் நிலவியல் இந்தத் தொடர்ச்சிக்கு எதிராக நிற்கிறது. கழகத்தின் வாயிற்புறத்து நடைபாதைகளிலும் சுரங்கப்பாதைகளிலும் இரவைக் கழிக்கும் நோயாளிகள் பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வருகிறார்கள். அறுவைக்கு மறுநாளைய பரிசோதனைக்கு அவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் வாரத்தில் அவர்கள் ஊரில் இருக்கிறார்கள். கையில் ஒரு சீட்டு இருக்கிறது. அதில் ஒரு சொட்டு மருந்தின் பெயர் இருக்கிறது. சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து என்று சட்டம் சொன்னாலும், கண் உறுத்தும்போதெல்லாம் அதே புட்டியை மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது நாடெங்கும் உள்ள பழக்கம். ஸ்டீராய்டால் விளைந்த கண்நீர் அழுத்த நோயை ஆர்.பி. மையத்தின் சிஹோட்டா குழுவினர் தனியே பின்தொடர்ந்து ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டது தற்செயலன்று. வட இந்தியாவில் அது ஏட்டில் மட்டும் உள்ள அபாயமன்று.

இந்தக் கேள்வி வருங்காலத்தில் பெரிதாகும் என்பதற்கான தடயமும் தில்லியிலேயே கிடைக்கிறது. மூர்த்தி குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, தில்லியின் ஒரு நகர்ப்புறப் பகுதியில் 5 முதல் 15 வயது வரையிலான குழந்தைகளில் 7.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை எனக் கண்டது. சக்சேனா குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, தில்லிப் பள்ளிகளில் 9,884 மாணவர்களைச் சோதித்து 13.1 விழுக்காடு எனக் கண்டது. முதலாவது குடியிருப்பில் நடந்தது, இரண்டாவது பள்ளியில் நடந்தது. முறை வேறு என்பதால் இரு எண்களையும் நேராகக் கழித்துப் பார்க்க முடியாது. எனினும் வெளி வெளிச்சத்தில் விளையாடும் நேரம் குறைந்து, அண்மைப் பார்வைக்கான வேலை கூடிய நகரத்தில், திசை எது என்பதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினரின் கண் மேலும் நீளும். அவர்களுக்குப் புரை ஐம்பதுகளிலேயே வரலாம். அவர்கள் எடுத்துக்கொள்ளப்போகும் அறுவை இன்றையதைவிட நேர்த்தியாக இருக்கும். முதல் நாள் பார்வை இன்றையதைவிடத் தெளிவாக இருக்கும்.

அவர்களுக்குத் தேவைப்படுவது விலையுயர்ந்த புதுக் கருவியன்று. அறுவைக்கு முன்பே கண்ணின் நீளம், கருவிழித் தடிமன், நரம்பு வட்டின் படம், அழுத்தம் ஆகிய நான்கையும் ஒரே ஏட்டில் எழுதி நோயாளியின் கையில் தருவது. கூழை லென்ஸின் பின்புறத்திலிருந்தும் கழுவி எடுப்பது. மூன்றாம் வாரத்தில், அறுவை நடந்த இடத்தில் இல்லாவிட்டாலும் அருகிலுள்ள மாவட்ட மருத்துவமனையிலாவது, அழுத்தத்தை ஒருமுறை அளப்பது. சொட்டு மருந்தை நிறுத்த வேண்டிய தேதியைச் சீட்டில் பெரிதாக எழுதுவது. எலியட் காலத்து மருத்துவருக்கும் இவற்றின் நியாயம் விளங்கியிருக்கும்.

ஊசியால் புரை தள்ளிய மரபு வைத்தியர் மறுநாளே ஊரைவிட்டுப் போய்விடுவார் என்பது அவர் மேல் காலனிய மருத்துவம் சுமத்திய முதன்மைக் குற்றச்சாட்டு. தெளிந்த பார்வையைக் காட்டிக் கூலி வாங்கிக்கொண்டார், பின்விளைவைப் பார்க்க அவர் அங்கு இல்லை என்பதே அதன் சாரம். இன்றைய மருத்துவமனை எங்கும் போவதில்லை. போய்விடுவது நோயாளி. மூன்றாம் வாரத்தில் அழுத்தத்தை அளக்க ஆளில்லை என்றால், இடம் மாறியவர் யார் என்பது அந்தக் கண்ணுக்கு ஒரு பொருட்டன்று.